கல் உண்டு, கஞ்சி உண்டா?

ஆகஸ்டுத் திங்கள் பதினைந்தாம் நாள். கொடி ஏறுகிறது, கைகள் தட்டப்படுகின்றன, குழந்தைகளுக்கு மிட்டாய் கிடைக்கிறது. சிலைகள் கழுவப்படுகின்றன, மாலைகள் விழுகின்றன. மேடையிலே 'தியாகிகள்' என்ற சொல் எத்தனை முறை ஒலித்தது என்று எண்ண விரல்கள் போதா. பொழுது சாய்கிறது, கூட்டம் கலைகிறது. மறுநாள் மாலை வாடுகிறது. சிலையின் தலையிலே காக்கை குந்துகிறது. அடுத்த ஆண்டு வரையில் தியாகிக்கு விடுமுறை!

அப்படியொரு நாளின் மாலையிலே, பழநிக்கு அண்மையில் மலையடிவாரத்திலே அமைந்த பாலசமுத்திரத்தில், தேநீர்க் கடை ஒன்றின் முன்னே இளைஞர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர்களிலே ஒருவர் கேட்டார்: "ஐயா, 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது தலைமறைவாக இருந்த இருவருக்கு என் கொள்ளுப் பாட்டி மலையோரத் தோப்பிலே பல நாள்கள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாராம். போலீசார் வந்து மிரட்டியும் இடத்தைக் காட்டிக் கொடுக்கவில்லையாம். வீட்டிலே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சான்று எதுவும் கிடையாது. கடைசி வரை தோட்டக் கூலியாகவே வாழ்ந்து மறைந்தார். அவர் தியாகியா, இல்லையா?"

அருகிலிருந்த மற்றொருவர் குறுக்கிட்டார்: "தியாகி என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக? தியாகத்துக்குக் கூலி கேட்கலாமா? கூலி கேட்டால் அது தியாகம் ஆகுமா?"

இரண்டு கேள்விகள். கேட்பதற்கு எளியவை. ஆனால் இரண்டிலும் ஒரு நாட்டின் மனச்சான்று தராசிலே வைத்து நிறுக்கப்படுகிறது. அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவே, தோழர்களே, இங்கே உங்களோடு சேர்ந்து சிந்திக்க முற்படுகிறேன்.

பாலசமுத்திரம், பாளையக்காரர் காலத்துப் பழைய ஊர். அங்கிருந்து பழநி வழியாகத் திண்டுக்கல் நோக்கிச் சென்றால், ஒட்டன்சத்திரத்தை அடையுமுன்னே விருப்பாட்சி என்ற ஊர் வரும். விருப்பாட்சி என்றதும் உங்கள் நாவிலே ஊறுவது என்ன? மலைவாழை! பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம். புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. பழத்துக்குப் புகழ் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணுக்கு வேறொரு புகழும் உண்டு. அது நாவிலே ஊறுவதில்லை, நெஞ்சிலே ஊற வேண்டியது.

1772ஆம் ஆண்டு, காளையார்கோவில் போரிலே சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியார் தம் மகளோடு நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. துரத்தப்பட்டவருக்கு இடம் கொடுப்பவன் தானும் துரத்தப்படுவான் என்பது அன்றைய நிலை. அந்த நிலையிலே, "எம் ஊருக்கு வருக" என்று கதவைத் திறந்தவர் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். எட்டாண்டுக் காலம் அந்த அடைக்கலம் நீடித்தது. ஐதர் அலியின் படை உதவியும் கிடைத்தது. 1780இல் வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டார்.

வென்ற அரசியின் பெயர் நிலைத்தது. நிலைக்க வேண்டிய பெயர்தான். அடைக்கலம் தந்தவர் என்ன ஆனார்? திண்டுக்கல் சீமைப் பாளையக்காரர்களை ஒன்று திரட்டிக் கும்பினியை எதிர்த்தார். 1801இல் தூக்கிலே தொங்கினார். இன்று விருப்பாட்சியிலே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, உண்மை. ஆனால் பழத்தின் பெயரை அறிந்த அத்தனை பேரும் மனிதரின் பெயரை அறிவார்களா? அடுத்த வீட்டிலே கேட்டுப் பாருங்கள்!

அவராவது பாளையக்காரர், பெயர் எஞ்சியது. அந்த எட்டாண்டுக் காலமும் அரசிக்கும் அவருடன் வந்தோருக்கும் சோறு ஆக்கியவர் யார்? தண்ணீர் சுமந்தவர் யார்? இரவிலே காவல் நின்றவர் யார்? உளவறிந்து ஓடி வந்து சொன்னவர் யார்? வரலாறு வாய் திறப்பதில்லை. ஏடு எழுதியவனுக்கு அரண்மனை வாயில் தெரிந்தது, அடுப்படி தெரியவில்லை.

சிவகங்கைச் சீமையிலே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. தப்பிச் சென்ற வேலுநாச்சியாரின் வழியைக் கேட்டு ஓர் ஏழைப் பெண்ணைப் படையினர் மடக்கினராம். உடையாள் என்பது அவள் பெயர். அவள் சொல்ல மறுத்தாள். வெட்டுண்டு வீழ்ந்தாள் என்பர். மீண்டு வந்த அரசி அவளுக்கு நடுகல் எடுத்தாராம். அரியாக்குறிச்சியிலே உள்ள வெட்டுடையார் காளி கோயிலை அந்த உடையாளோடு இணைத்தே மக்கள் பேசுகின்றனர்.

இது வாய்மொழி. ஆவணத்தோடு ஒத்துப் பார்த்துக் கொள்ள வேண்டிய செய்தி. ஆனால் இந்த வாய்மொழி நமக்கு ஒரு பாடத்தைச் சொல்கிறது. மனிதப் பெண்ணாக இருந்தவரை அவள் ஓர் எடுத்துக்காட்டு: "நீயும் இப்படி நில்" என்று நம்மைப் பார்த்துச் சொல்லுவாள். தெய்வமாகிவிட்டாலோ, அவளிடம் நாம் கேட்கத் தொடங்கிவிடுகிறோம்: "எனக்கு இதைக் கொடு, அதைக் கொடு" என்று! கொடுத்தவளிடமே மீண்டும் கை நீட்டுகிறோம். பட்ட கடன் மறைந்து, படையல் மிஞ்சுகிறது. தோழர்களே, வழிபாடு என்பது மறதியின் ஒரு வடிவமாகவும் ஆகலாம் என்று நான் சொல்வது இதனால்தான். கோயிற் சிலைக்கு மட்டுமன்று, தெருமுனைச் சிலைக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் கல்லே வேண்டாமா? வேண்டும். கல் நடுவது நம் பழமை. போரிலே வீழ்ந்தவனுக்குக் கல் கண்டு, நீராட்டி, நட்டு, வாழ்த்திய முறையைத் தொல்காப்பியம் வகைப்படுத்திச் சொல்கிறது. ஆனால் பழந்தமிழர் கல்லோடு நின்றுவிடவில்லை. போரிலே இறந்துபட்டவனுடைய குடும்பத்துக்கு நிலம் அளித்தனர். அதற்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். உதிரம் சிந்தியவனுக்காகக் கொடுத்த நிலம்! எவ்வளவு பொருள் பொதிந்த சொல், பாருங்கள். இறந்தவனுக்குக் கல், இருப்பவர்களுக்குக் காணி. புகழுக்கு ஒன்று, பசிக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்ததே நன்றி. அந்த முறையிலும் குறை இருந்திருக்கும். மன்னனுக்காக மடிந்தவனுக்கு மன்னன் தந்த மானியம்தானே அது! எனினும், கல் சோறு போடாது என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. நாமோ கல்லை வைத்துக்கொண்டோம், காணியை மறந்தோம்.

அடிமைக் காலத்திலே மறந்தது போகட்டும். இதே திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டிலே 1884இல் பிறந்த சுப்பிரமணிய சிவா சிறை சென்றார், தொழுநோயோடு திரும்பினார். நோயாளி புகைவண்டியில் ஏறக்கூடாது என்றது வெள்ளையர் ஆட்சி. கால்நடையாக ஊர் ஊராக நடந்தார், 1925இல் மறைந்தார். கப்பலோட்டிய சிதம்பரனார் 1912இன் இறுதியிலே கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வரவேற்க வந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. வழக்கறிஞர் உரிமையும் போய், வறுமையோடு மல்லாடினார். அன்று மக்களைத் தடுத்தது அச்சம். அச்சத்தை மன்னிக்கலாம். ஆனால் விடுதலை வந்த பிறகு நேர்ந்த மறதிக்கு என்ன பெயர் சூட்டுவது?

மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கப்பலேற்றப்பட்ட தொழிலாளர்கள், அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகள். 1943இல் சுபாசு சந்திர போசு சிங்கப்பூரிலே தலைமை ஏற்றபோது, இந்திய தேசிய இராணுவத்திலே அவர்கள் சேர்ந்தனர். ஜான்சிராணிப் படையிலே சேர்ந்த பெண்களிலே பலர் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்கள். அவர்களிலே பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணாலே கண்டிராதவர்கள். கண்டறியாத மண்ணுக்காகத் துப்பாக்கி ஏந்தினர்! 1944இலே இம்பால் முனையில் பசியும் மழையும் நோயும் அந்தப் படையைத் தின்றன. 1945இல் போர் முடிந்தது. வீரர்கள் கைதிகளாயினர்; வெள்ளையரின் பழைய இந்தியப் படையிலிருந்து வந்தவர்களிலே பலர் வேலை நீக்கப்பட்டனர், ஊதிய நிலுவையையும் இழந்தனர். தோட்டத்திலிருந்து வந்தவர்களோ மீண்டும் பால் வெட்டும் கத்தியை எடுத்தனர்.

செங்கோட்டையிலே அந்தப் படையின் அதிகாரிகள் மூவர்மீது வழக்கு நடந்தபோது நாடே கொதித்தது. தலைவர்கள் வழக்கறிஞர் உடை தரித்து வாதாடினர். ஆனால் 1947க்குப் பிறகு? "படையிலே மீண்டும் இடமில்லை" என்றது விடுதலை பெற்ற இந்தியாவின் அரசே! 1946 பிப்ரவரி 18இல் பம்பாயிலே 'தல்வார்' தளத்தில் தொடங்கி, எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களிலே பரவிய கடற்படை எழுச்சியை நினைவுகூருங்கள். அதற்காக நீக்கப்பட்ட மாலுமிகளையும் விடுதலை பெற்ற இந்தியாவின் கடற்படை திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை. பாகிஸ்தானின் கடற்படையும் அழைத்துக்கொள்ளவில்லை. நாடு இரண்டாகப் பிரிந்தது. நன்றி மறப்பதிலே மட்டும் இரண்டும் ஒன்றாயின.

காரணம் சொன்னார்கள்: படைக்குக் கட்டுப்பாடு வேண்டும், ஒருமுறை ஆணையை மீறியவன் மறுமுறையும் மீறுவான் என்று. இந்த வாதத்தைச் சற்றே உரித்துப் பாருங்கள். எந்த ஆணையை அவன் மீறினான்? அந்நியனுடைய ஆணையை. எதற்காக மீறினான்? இந்த அரசு பிறப்பதற்காக. மீறியதன் பயன் வேண்டும்; மீறியவன் வேண்டாம்! ஏணி மீது ஏறினார்கள். ஏறிய பிறகு, "இந்த ஏணி பிறரையும் ஏற்றிவிடுமே" என்று அஞ்சி எட்டி உதைத்தார்கள்.

ஆண்டுகள் ஓடின. 1972 ஆகஸ்டு 15, விடுதலையின் வெள்ளிவிழா. அன்றுதான் நடுவண் அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. செப்புப் பட்டயமும் வழங்கப்பட்டது. மாதம் 200 ரூபாய். ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் அதுவும் இல்லை. அந்த வரம்பு 1980இல்தான் நீங்கியது. கணக்குப் போடுங்கள்: 1930இல் உப்பெடுக்கச் சென்றபோது நாற்பது வயதானவருக்கு, திட்டம் வந்தபோது எண்பத்திரண்டு. உயிரோடு இருந்தால்! கஞ்சி காய்ச்சுவதற்கு இருபத்தைந்து ஆண்டுகள், பசித்தவர் காத்திருப்பாரா?

காலம் தாழ்ந்தது ஒரு குறை. மற்றொரு குறை உண்டு. அதிலேதான் நம் இளைஞரின் கேள்வி அடங்கியிருக்கிறது. ஓய்வூதியம் பெற ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மூன்று மாதம். அதற்குச் சிறைப் பதிவேட்டிலிருந்து சான்று வேண்டும். ஏடு கிடைக்காவிட்டால் உடன் இருந்த கைதிகளின் சான்று வேண்டும். சிறைப் பதிவேடு என்பது என்ன? எதிரி எழுதி வைத்த ஏடு! "நான் உன்னை எதிர்த்தேன் என்று நீயே எழுதிக் கொடு" என்று, போய்விட்ட எசமானனின் அலமாரியை அந்தக் கிழவர் துழாவ வேண்டும். செல்லரித்துப் போயிருந்தால்? பெயரிலே ஓரெழுத்துப் பிழை இருந்தால்? உடன் இருந்தவர்கள் இறந்து போயிருந்தால்? அடிமைத் தளையை அறுத்தவர், அலுவலகப் படிக்கட்டிலே மனுவோடு நிற்க வேண்டும்.

நீதிமன்றம் இதனை உணர்ந்தது. விண்ணப்பிக்கத் தாமதமாயிற்று என்று சொல்லி இந்த ஓய்வூதியத்தை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் முகுந்த்லால் பண்டாரி வழக்கிலே சொல்லிற்று. குற்ற வழக்கிலே கேட்பதுபோல் ஐயத்துக்கு அப்பாற்பட்ட சான்று கேட்கக்கூடாது, நிகழ்ந்திருக்கக்கூடியதா என்று பார்த்தால் போதும் என்று 2001இல் குர்தியால் சிங் வழக்கிலே சொல்லிற்று. நல்ல தீர்ப்புகள். ஆனால் நெஞ்சு கேட்கிறது: விடுதலைக்காக அந்நியனின் நீதிமன்றத்திலே நின்றவர்கள், விடுதலை வந்த பிறகும் நீதிமன்றத்திலே நிற்க வேண்டியிருந்ததே!

பகுத்தறிவாளர்களாகிய உங்களிலே சிலர் இங்கே கேட்கலாம்: "சான்று கேட்பது தவறா? எதற்கும் ஆதாரம் கேள் என்றுதானே நாம் பேசி வருகிறோம்?" நியாயமான கேள்வி. போலித் தியாகிகள் புகுந்த வழக்குகளும் நாட்டிலே உண்டு. அவர்கள் தின்றது உண்மைத் தியாகியின் சோறு. ஆகவே சான்று வேண்டும். ஆனால் எதைச் சான்றென்று கொள்வது? அங்கேதான் அறிவு வேலை செய்ய வேண்டும். எதிரியின் ஏடு, எதிரியின் கையிலே சிக்கியவர்களை மட்டுமே காட்டும். திறமையாகச் செயலாற்றிச் சிக்காமல் இருந்தவன் அதிலே இல்லை. சிக்கவிடாமல் காத்தவள் அதிலே இல்லவே இல்லை. ஒரு வலையின் கண் பெரிதாக இருந்தால், அந்த வலையிலே விழாத மீன்கள் கடலிலே இல்லை என்று சொல்வது பகுத்தறிவா?

1930 ஏப்ரலிலே திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புப் படை நடந்தது. "இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை" என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் தண்டோரா போட்டான். மக்கள் என்ன செய்தனர்? வழியோர மரக்கிளைகளிலே சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர்! நடந்தவர்களின் பட்டியல் இருக்கிறது; நடத்திச் சென்ற இராசகோபாலாச்சாரியார் பெயரை உலகறியும். பொட்டலம் கட்டிய கைகளின் பட்டியல் எங்கே? கட்டியவருக்கே தெரியும், கிளைக்குத் தெரியும். அந்தச் சோறு இல்லையேல் படை வேதாரணியம் சேர்ந்திருக்குமா? போராட்டம் என்பது சிறைக்குச் சென்ற கால்களால் மட்டும் நடப்பதன்று. சோறு கட்டிய கைகளாலும் நடப்பது.

ஆகவே, பாலசமுத்திரத்து இளைஞரே, உம் முதற் கேள்விக்கு விடை இது: வீட்டார் சொல்வது உண்மையாயின், உம் கொள்ளுப் பாட்டி தியாகிதான். பட்டயம் இல்லை என்பதால் அவர் செயல் சிறுத்துவிடாது. ஏட்டின் குறை அவர் குறையன்று. உண்மைதானா என்று தேடிப் பார்ப்பது உம் கடமை. அண்டை வீட்டு முதியவரைக் கேளும். அந்த இருவரின் குடும்பத்தாரைத் தேடும். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று குறித்து வையும். அதுதான் பகுத்தறிவோடு கூடிய நன்றி.

இனி இரண்டாவது கேள்வி: தியாகத்துக்குக் கூலி கேட்கலாமா?

கூலி வேறு, கடன் வேறு. கூலி என்பது முன்பே பேசி, வேலை முடிந்ததும் பெறுவது. தியாகி யாரிடமும் பேரம் பேசவில்லை. ஆகவே அவருக்குக் கூலி இல்லை. ஆனால் வெள்ளத்திலே போனவனை ஒருவன் குதித்துக் கரையேற்றினான். காப்பாற்றியவன் கால் முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். பேரம் பேசாமல்தான் குதித்தான். அதனாலே, கரையேறியவன் ஈரத்தைப் பிழிந்து உடுத்திக்கொண்டு, "அவர் எதையும் எதிர்பார்க்காத உத்தமர்" என்று புகழ்ந்துவிட்டு நடையைக் கட்டலாமா? "நான் எதையும் எதிர்பார்க்கவில்லை" என்று தியாகி சொன்னால் அது பண்பு. "அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை" என்று பயன் பெற்றவன் சொன்னால் அது மோசடி. சொல் ஒன்றுதான், வாய் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலைப் பெற்றவனுக்குரிய கடமையாக வைத்தாரேயன்றிச் செய்தவனுக்குரிய உரிமை வழக்காக வைக்கவில்லை. அதனாலேயே அது கேளாமல் தரப்பட வேண்டியது.

கக்கனை நினைத்துப் பாருங்கள். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியிலே, தாழ்த்தப்பட்டோர் குடியிலே பிறந்தவர். 1942 போராட்டத்திலே சிறை கண்டவர். அரசியல் நிருணய சபையிலே அமர்ந்தவர். 1957 முதல் 1967 வரை அமைச்சர். நமக்கும் அவருக்கும் கொள்கையிலே வேற்றுமை உண்டு, அதனால் என்ன? பதவி போன பின்னர், நோயுற்று மதுரை அரசு மருத்துவமனையிலே பொதுப் பிரிவிலே எளியவரோடு எளியவராகக் கிடந்தார். வேறொருவரைக் காண வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர் அங்கிருப்பதை அறிந்து, சென்று கண்டு திகைத்தார் என்பது நாடறிந்த செய்தி. 1981இல் கக்கன் மறைந்தார். அதனை நாம் எப்படிப் பேசுகிறோம்? "எளிமையின் சிகரம்" என்று! அவர் கைகள் தூய்மையாக இருந்தன. அது அவர் பெருமை. அவர் கட்டில் அந்த நிலையில் இருந்தது. அது நம் சிறுமை. நம் சிறுமையையும் அவர் பெருமையின் கணக்கிலே எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். வறுமைக்கு 'எளிமை' என்று பெயர் சூட்டிவிட்டால், கொடுக்க வேண்டிய பொறுப்பு தீர்ந்தது பாருங்கள்!

இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கென்யாவிலே 'மாவ் மாவ்' போராளிகள் காடுகளிலிருந்து வெள்ளையரோடு பொருதனர். தலைவர் டெடான் கிமாத்தி 1957இல் தூக்கிலிடப்பட்டு, அடையாளமற்ற குழியிலே புதைக்கப்பட்டார். 1963இல் விடுதலை வந்தது. ஆனால் வெள்ளையன் அந்த இயக்கத்தின்மீது விதித்த தடையை விடுதலை பெற்ற நாட்டு அரசு நீக்கியது எப்போது? 2003இல்! நாற்பது ஆண்டுகள், விடுதலை வாங்கித் தந்தவர்கள் சட்டத்தின் கண்ணிலே குற்றவாளிகள். 2007இல் கிமாத்திக்கு நைரோபியிலே சிலை எழுந்தது. 2013இல், கொடுமைக்கு ஆளான 5,228 கென்யர்களுக்கு இழப்பீடாக ஒரு கோடியே தொண்ணூற்றொன்பது இலட்சம் பவுன் தர இசைந்தது யார்? அடித்த பிரிட்டன்! அதுவும் வழக்காடிய பிறகு. அடித்தவன் கணக்குத் தீர்த்தான், பெயரளவிலேனும். அணைக்க வேண்டியவன் கணக்கே திறக்கவில்லை.

சிம்பாப்வேயிலே வேறொரு பாடம். 1980இல் விடுதலை. போராளிகளிலே பலர் வேலையின்றி, நிலமின்றி ஆண்டுக்கணக்கிலே அலைந்தனர். காயமுற்றோர்க்கென ஒதுக்கிய நிதியை மேலிடத்தார் சுருட்டினர் என்ற செய்தி வெடித்தது. 1997இல் போராளிகள் தெருவுக்கு வந்தனர். அரசு அஞ்சி, ஒவ்வொருவருக்கும் 50,000 சிம்பாப்வே டாலரும் மாத ஓய்வூதியமும் என்று அறிவித்தது. கையிலே பணம் இல்லாமல் செய்த அறிவிப்பு. அந்த ஆண்டு நவம்பரிலே நாணயமே சரிந்தது. 2000ஆம் ஆண்டிலே பண்ணைகளைக் கைப்பற்றும் படைக்கு முன்வரிசையாக அதே போராளிகளை ஆட்சி பயன்படுத்திக்கொண்டது. உரிய காலத்திலே நீதியாகக் கொடுக்காததை, காலம் கடந்து அச்சத்தாலே கொடுத்தால் அது கையூட்டாகிவிடுகிறது. வாங்கியவர் கையாளாகிவிடுகிறார். பட்டினி கிடந்த வீரன் பிறர் கைத் தடியாவது எளிது.

ஏன் இப்படி எல்லா நாட்டிலும் நிகழ்கிறது? காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. இறந்த வீரன் பேசமாட்டான். நாம் சொல்வதெல்லாம் அவன் சொன்னதாகிவிடும். உயிரோடு இருக்கும் வீரனோ கேள்வி கேட்பான். "இதற்காகவா போராடினேன்? சாதி போயிற்றா? குடிசைக்கு விளக்கு வந்ததா? உழைப்பவனுக்கு உரியது கிடைத்ததா?" என்று கேட்பான். மாலை போட்டால் கழுத்தை நீட்டாமல் வாயைத் திறப்பான்! ஆட்சியிலே அமர்ந்தவனுக்கு அந்த வாய் உறுத்தும். ஆகவே கல்லாகும் வரை காத்திருக்கிறார்கள். கல்லுக்குப் பசி இல்லை; கல்லுக்கு நாவும் இல்லை.

இன்று அந்தத் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. 1942இல் இருபது வயதினராக இருந்தவர் இன்று நூறைத் தாண்டியிருப்பார். கடன் கொடுத்தவர் போய்விட்டார், கடன் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. அவர்களின் துணைவியரும் மகளிரும் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்குரியது அலைய விடாமல் சேர வேண்டும். அதற்கும் மேலாக, இன்றும் விடுதலைக்கு உழைப்போர் நம்மிடையே இருக்கின்றனர். சாதிக் கொடுமையை எதிர்த்துச் சாட்சி சொன்னதாலே ஊரிலே ஒதுக்கப்பட்டவர், கொத்தடிமைத் தளையிலிருந்து மீண்டும் பிழைப்புக்கு வழியற்றவர், சாக்கடையிலே இறங்கமாட்டோம் என்று நிமிர்ந்ததாலே வேலை இழந்தவர். இவர்களைப் பாராட்ட, இவர்கள் கல்லாகும் வரை நாமும் காத்திருப்போமா?

நம்மையும் கேட்டுக்கொள்வோம். எந்த இயக்கமாயினும், கொடி பிடித்துச் சிறை சென்ற தொண்டரின் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று விசாரிக்காமல் அவர் படத்தை மட்டும் சுவரிலே மாட்டினால், அந்த இயக்கமும் இதே குற்றத்தையே செய்கிறது. பிறரைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்பட்டும்.

பாலசமுத்திரத்து இளைஞர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. அடுத்த ஆகஸ்டு வருமுன் தெருத் தெருவாகச் சென்று, மூத்தோர் வாய்ச் சொல்லைக் கேட்டு, ஒரு குறிப்பேடு எழுதுங்கள். கும்பினி காலத்துக் கதையாயினும், 1942இன் கதையாயினும், பிற்காலத்துக் கதையாயினும் சரி. யார் மறைத்து வைத்தார், யார் சோறு கொடுத்தார், யார் காட்டிக் கொடுக்க மறுத்தார், பின்னர் அவர் எப்படி வாழ்ந்தார் என்று எழுதுங்கள். கேட்டதைக் கேட்டதென்றும் கண்டதைக் கண்டதென்றும் பிரித்தெழுதுங்கள். நூலகத்திலே வையுங்கள். எதிரியின் ஏட்டுக்கு மாற்றாக, நம் ஏடு ஒன்று இருக்கட்டும். அந்த ஏட்டிலே வரும் குடும்பங்களிலே இன்று யார் வாடுகிறார் என்று பார்த்து, கூடி உதவுங்கள். கல் நடுவதற்குப் பணம் திரட்டுவோர், அதிலே பாதியை ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள். அதுவே நம் காலத்து உதிரப்பட்டி.

அந்தக் கொள்ளுப் பாட்டி கஞ்சி கொண்டுபோன நாளிலே, "இவர்கள் சிறை சென்ற சான்று எங்கே?" என்று கேட்கவில்லை, "நாளை இவர்கள் சிலையாவார்களா?" என்றும் பார்க்கவில்லை. பசித்திருக்கிறார்கள் என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்தது. கலயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருக்கு நாம் செலுத்தும் மரியாதை, அந்தக் கலயத்தை நாம் தூக்கிக்கொண்டு நடப்பதுதான்.